தேனீக் கூட்டம் பிடித்து நிலைக்க வைப்பது எப்படி: கடலூர் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கான முழு வழிகாட்டி

தை பிறந்து வெயில் கொஞ்சம் ஏறியதும் கெடிலக் கரையோரத் தெருக்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணா, மாமரத்துல கொத்தா தேனீ தொங்குது, கொளுத்திடலாமா?" கொளுத்தவே கூடாது. பெரும்பாலும் அது பழைய கூட்டிலிருந்து பிரிந்து வந்து தற்காலிகமாக இறங்கிய கூட்டம், ஓரிரு நாளில் தானாகக் கிளம்பிவிடும். சரியான வகையாக இருந்தால் உங்கள் தோட்டத்துப் பெட்டியிலேயே குடிவைக்கலாம்.

புதிதாக இறங்குபவர்கள் பலர் கூட்டத்தை நன்றாகவே பிடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு வாரத்தில் பெட்டி காலியாகிவிடுகிறது. கூட்டம் வந்த பிறகு பெட்டி தேடுகிறார்கள், பெட்டி வந்த பிறகு இடம் தேடுகிறார்கள், சுற்றி என்ன பூக்கிறது என்பதை யாரும் பார்ப்பதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் பூக்களைக் கணக்கெடுங்கள்

நாம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ இரைக்காக வெகுதூரம் போவதில்லை. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் சுற்றும். ஆகவே பண்ருட்டியில் முந்திரி பூத்துக் குலுங்குவதால் புதுப்பாளையத்தில் இருக்கும் உங்கள் பெட்டிக்கு ஒரு லாபமும் இல்லை. நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் தெருத்தெருவாக நடங்கள். மரத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அடியில் நின்று காது கொடுங்கள். ரீங்காரம் கேட்கிறதா, தேனீ உண்மையில் உட்காருகிறதா என்று பார்த்து எழுதுங்கள். காகிதப்பூ, நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், தேனீக்கு அவற்றில் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதே தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத புங்க மரத்தில் ஆயிரக்கணக்கில் மொய்த்துக்கொண்டிருக்கும்.

நம் பக்கத்தில் மாதவாரியாகக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். தை, மாசியில் மாவும் முருங்கையும் பூக்கின்றன. பங்குனி, சித்திரை செழிப்பான காலம். வேம்பு, புங்கம், இலுப்பை, நாவல், தூங்குமூஞ்சி மரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கும்போது நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். வைகாசி, ஆனியில் புளிய மரம் கைகொடுக்கும். ஆற்றோரப் புறம்போக்கில் நிற்கும் சீமைக்கருவேலம் இந்தக் கோடையில் நிறையத் தேன் தருகிறது. அந்த மரத்தைப் பற்றி ஆயிரம் குறை இருக்கிறது, எனக்கும் உண்டு. ஆனால் அதை ஒரேயடியாக வெட்டிய ஆண்டில் பக்கத்துப் பெட்டிகள் பட்டினி கிடக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆடி, ஆவணியில் வரவு மெலிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துப் பூவைக் கழுவிவிடும். இந்த இரண்டு இடைவெளிகளில்தான் கூட்டங்கள் ஓடுகின்றன. அப்போது தாங்கிப் பிடிப்பது தென்னை. பாளை விட்டுவிட்டு வந்துகொண்டே இருப்பதால் ஆண்டு முழுவதும் மகரந்தம் கிடைக்கும். சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து தென்னையாவது இல்லாத இடத்தில் நான் யாரையும் பெட்டி வைக்கச் சொல்வதில்லை.

மெலிந்த மாதங்களுக்காக வீட்டிலேயே செய்யக்கூடியது: துளசியைப் பூக்க விடுங்கள், கதிரைக் கிள்ளிக்கொண்டே இருக்காதீர்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை மூன்றும் நல்லது. காலிமனையில் முளைக்கும் தும்பையையும் துத்தியையும் களை என்று வழிக்காமல் விட்டுவைக்கும்படி அக்கம்பக்கத்தில் சொல்லிப் பாருங்கள்.

பழைய கணக்கை நம்பவேண்டாம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரை கடந்தபோது இந்த மாவட்டத்தில் முந்திரி, பலாத் தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன, ஊருக்குள் இருந்த பெரிய மரங்களும் போயின. புயலுக்கு முன்பு வளர்த்தவர் சொன்ன பூப்பட்டியல் அடுத்த ஆண்டு பயன்படவில்லை. ஒவ்வொரு பெரிய காற்றுக்குப் பிறகும் மறுபடி நடந்து எழுதுங்கள்.

2. பெட்டியையும் இடத்தையும் முன்பே தயார் செய்யுங்கள்

வீட்டுத் தோட்டத்துக்கு நியூட்டன் பெட்டி போதும். இந்தியத் தேனீக்கு ஏற்ற சின்னப் பெட்டி இது, தேனடை கட்டுவதற்காக உள்ளே ஏழு மரச்சட்டங்கள் தொங்கும். இத்தாலியத் தேனீக்கான பெரிய பெட்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். நம் தேனீ சின்னது. சட்டங்களுக்கு நடுவே இடைவெளி கூடினால் குறுக்கே அடை கட்டிவிடும், பிறகு எந்தச் சட்டத்தையும் உடைக்காமல் தூக்க முடியாது.

புதுப் பெட்டியில் வார்னிஷ், பெயின்ட் வாசனை இருந்தால் கூட்டம் தங்காது. பெயின்ட் வெளிப்பக்கம் மட்டும் அடித்து, நன்றாகக் காயவிட்டு, உள்ளே சுத்தமான தேன்மெழுகை உருக்கித் தடவுங்கள். பழைய அடைத் துண்டு ஒன்றைச் சட்டத்தின் மேல்கட்டையில் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. கூட்டம் வந்த அவசரத்தில் இதையெல்லாம் செய்ய முடியாது. அதனால்தான் மார்கழியிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

பெட்டியை ஸ்டாண்டின் மேல் வைத்து, கால்கள் ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். எறும்பு ஏறினால் ஒரே இரவில் கூட்டம் கிளம்பிவிடும். கிண்ணத்துத் தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் விடுவதும், ஸ்டாண்டைச் செடிக்கிளை தொட்டுக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

வாசல் கிழக்கைப் பார்த்தபடி இருக்கட்டும். காலை வெயில் பட்டால் சீக்கிரம் வேலைக்குப் போகும். பிற்பகலில் நிழல் கட்டாயம் வேண்டும். மொட்டை மாடி என்றால் மேலே கூரை போடாமல் வைக்காதீர்கள், கத்திரி வெயிலில் மெழுகு இளகி அடை அறுந்து விழுந்துவிடும். ஆட்கள் நடக்கும் வழிக்கு நேராக வாசலை வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தண்ணீருக்கு அகலமான தட்டில் கூழாங்கல் போட்டு நிழலில் வையுங்கள். கெடிலத்தில் கடல் தண்ணீர் ஏறும் பகுதியில் ஆற்றுநீர் உப்புக் கரிக்கும், அதை நம்ப முடியாது. தட்டு இல்லையென்றால் தேனீ பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் போகும், புகார் உங்களிடம் வரும்.

3. தொங்குவது எந்தத் தேனீ என்று பாருங்கள்

கயிறு, ஏணி எடுப்பதற்கு முன் பத்தடி தள்ளி நின்று நிதானமாகப் பாருங்கள். இங்கே நான்கு வகை இருக்கிறது.

மலைத்தேனீ: முக்கால் அங்குல நீளம். தண்ணீர்த் தொட்டி, உயரக் கட்டடம், பெரிய மரக்கிளை ஆகியவற்றில் ஒரே அகன்ற அடையாகத் தொங்கும். இடம்பெயரும்போது அடை இல்லாமல் கொத்தாகவும் இறங்கும், அப்போதுதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது, தொடவும் கூடாது.

கொம்புத்தேனீ: சிறியது, வயிற்றின் தொடக்கம் செம்பழுப்பாக இருக்கும். வேலிச்செடிக் குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவில் ஒற்றை அடை கட்டும். திறந்த வெளியில்தான் வாழும். பெட்டிக்குள் போட்டால் நிற்காது. அப்படியே விட்டுவிடுங்கள், உங்கள் காய்கறிச் செடிக்கு நல்லது.

கொசுத்தேனீ: கறுப்பாக, எறும்பளவில், சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் நீட்டி வாழும். கொட்டாது. இதன் வளர்ப்பு முறை வேறு.

இந்தியத் தேனீ: அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, வயிற்றில் பட்டைகள். பொந்து, சுவர் இடுக்கு, மீட்டர் பெட்டி போன்ற இருட்டிடங்களில் வரிசையாகப் பல அடைகள் கட்டும். இது வெளியே கிளையில் அடையே இல்லாமல் கொத்தாகத் தொங்கினால் அதுதான் கூட்டம் பிரிந்து வந்தது. நமக்கு வேண்டியது இதுதான்.

அடை தெரிகிறதென்றால் அது வந்து இறங்கிய கூட்டமல்ல, குடியிருக்கும் கூடு. இந்த வழிகாட்டியில் உள்ள முறை அதற்குப் பொருந்தாது.

4. கைவைக்கக் கூடாத நேரங்கள்

மலைத்தேனீ பள்ளி, மருத்துவமனை, நடைபாதை அருகே இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கல்லெறியவோ புகைபோடவோ கூடாது. துரத்த ஆரம்பித்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் துரத்தும்.

உங்களுக்கு முன்பு கொட்டியபோது முகம் வீங்கியதோ, உடம்பெங்கும் தடித்ததோ, மூச்சு இரைத்ததோ உண்டென்றால் இந்த வேலைக்கே வராதீர்கள். யாருக்கு அப்படி ஆனாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108. சாதாரணக் கொட்டலுக்குக் கொடுக்கை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, நகத்தால் வழித்தாலும் போதும். கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழம் போல் ஒரு வாசனை எழும், அது மற்றத் தேனீக்களுக்கு அபாய அறிவிப்பு. அந்த இடத்தைப் புகையில் காட்டுங்கள், அல்லது தண்ணீரால் கழுவிவிட்டு விலகி நில்லுங்கள்.

மின்கம்பிக்கு அருகே தொங்கினால், ஏணியின் கடைசிப் படியில் நின்றால்தான் எட்டுமென்றால், விட்டுவிடுங்கள். பருவத்தில் இன்னொரு கூட்டம் வரும்.

5. கூட்டத்தை இறக்குதல்

வேண்டியவை: முகவலை, வெளிர்நிற முழுக்கைச் சட்டை, ஓலைக்கூடை அல்லது காற்றோட்டமான பருத்திப் பை, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், தேங்காய் நார் போட்ட புகைப்பான், கிளை வெட்டும் கத்தரி, ஒரு வெள்ளைத்துணி. பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். தேனீ உள்ளே சூடேறி நனைந்து செத்துவிடும்.

பிரிந்து வரும் கூட்டம் வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. காக்க வேண்டிய புழுவோ அடையோ அதனிடம் இல்லை. அதனால்தான் சாதுவாக இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் மழையில் தொங்கிய கூட்டத்தின் வயிறு காலி, அது சிடுசிடுக்கும். எப்போது வந்து உட்கார்ந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே நெருங்குங்கள்.

முதலில் தண்ணீரைப் பனிபோல் லேசாகத் தெளியுங்கள். இறகு நனைந்தால் பறக்கத் தயங்கும், நெருங்கிக் கட்டிக்கொள்ளும். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது.

கிளை கைக்கு எட்டுவதாக, மெல்லியதாக இருந்தால் கொத்தோடு சேர்த்துக் கூடைக்குள் தாழ்த்தி, கிளையை ஒரே உலுக்காக உலுக்குங்கள். நான்கைந்து முறை மெல்ல ஆட்டினால் கூட்டம் கலைந்து மேலே போய்விடும். அடிமரத்தில் ஒட்டியிருந்தால் உலுக்க முடியாது. கூடையைக் கவிழ்த்துக் கொத்துக்கு மேலே தொடும்படி பிடித்துக்கொண்டு, கீழிருந்து ஒன்றிரண்டு புகை மட்டும் விடுங்கள். தேனீ இயல்பாக மேல்நோக்கி, இருட்டை நோக்கி ஏறும். அரைமணி ஆனாலும் பொறுங்கள். புகையை அதிகம் விட்டு அவசரப்படுத்துவதுதான் இங்கே பெரிய தவறு.

ராணி உள்ளே வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், தேனீக்களே சொல்லும். கூடை விளிம்பில் சில தேனீக்கள் வாலைத் தூக்கி இறகை வேகமாக விசிறினால், வெளியே சுற்றுபவை அந்த வாசனைக்கு உள்ளே நடந்தால், ராணி உள்ளே இருக்கிறது. கூடையில் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாகக் கிளைக்கே திரும்பினால் ராணி இன்னும் அங்கேதான். மறுபடி கிளையில் கொத்துச் சேரும்வரை காத்திருந்து அதே வேலையைச் செய்யுங்கள்.

அப்புறம் கூடையின் வாயை வெள்ளைத்துணியால் பாதி மூடி, அதே மரத்தடி நிழலில் பொழுது சாயும்வரை வையுங்கள். உடனே வண்டியில் எடுத்துக்கொண்டு போனால், வீடு பார்க்கப் போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்து வெறுங்கிளையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் அந்த வீட்டுக்காரர் மறுபடி கூப்பிடுவார்.

6. பெட்டிக்குள் குடிவைத்தல்

இருட்டத் தொடங்கிய பிறகு செய்யுங்கள். பகலில் செய்தால் வெளிச்சத்தில் எழும்பிப் பறந்துவிட வாய்ப்பு அதிகம்.

பெட்டியை நிரந்தர இடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று சட்டங்களை எடுத்துவிட்டு, கூடையை அந்த இடைவெளிக்கு மேல் தட்டி இறக்கி, சட்டங்களை மெதுவாகத் திரும்ப வைத்து மூடுங்கள். வேறு பெட்டி வைத்திருப்பவர் யாராவது புழு வளரும் அடையோடு ஒரு சட்டம் தந்தால் நடுவில் வையுங்கள், புழுவை விட்டுக் கூட்டம் எளிதில் போகாது. ஆனால் அந்தப் பெட்டியில் புழுக்கள் செத்து நீர்கோத்துக் கிடக்கவில்லை என்று பார்த்து வாங்குங்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீ வளர்ப்பைப் பெருமளவு அழித்த தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் இப்படித்தான் புழுக்களைக் கொல்லும், அதற்கு மருந்து கிடையாது.

வாசலில் ராணித் தடுப்புத் தகடு போடலாம். பணித்தேனீ நுழையும், ராணி வெளியே வர முடியாது. இதை இரண்டு மூன்று நாளில் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பழைய ராணியோடு வந்த முதல் கூட்டமென்றால் தகடு பெரிய கெடுதல் செய்யாது. அதற்குப் பின்னால் பிரிந்து வரும் சின்னக் கூட்டத்தில் இருப்பது கன்னி ராணி. அது வெளியே பறந்து போய் ஆண் தேனீயோடு கூடித் திரும்ப வேண்டும். தகட்டை மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அந்த ராணி கடைசிவரை ஆண் முட்டை மட்டுமே இடும், பெட்டி முடிந்துபோகும். "கூட்டம் ஓடவேயில்லை, ஆனாலும் குறைந்துகொண்டே போகிறது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது வாசல் தகட்டைத்தான்.

7. முதல் பத்து நாள்

பாகு வைப்பதற்குத் தவிரத் திறக்காதீர்கள், சட்டங்களைத் தூக்கிப் பார்க்காதீர்கள். இந்தியத் தேனீக்குத் தொந்தரவு பிடிக்காது. இடத்தையே விட்டுவிடும்.

முதல் நாள் மாலையிலிருந்து சர்க்கரைப் பாகு கொடுங்கள், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மூழ்காமல் இருக்கக் குச்சிகள் போட்டு, பெட்டிக்கு உள்ளே வையுங்கள். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் தேனீக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். கடைத் தேனும் வேண்டாம், வேறு பெட்டியின் நோய் அதில் வரலாம். பகலில் ஊற்றினாலும் வெளியே சிந்தினாலும் எறும்பும் பிற கூட்டத்துத் தேனீயும் கொள்ளையடிக்க வரும்.

வெளியிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். காலில் மஞ்சளோ வெள்ளையோ மகரந்த உருண்டையோடு தேனீக்கள் உள்ளே போனால், உள்ளே புழு வளர்கிறது, கூட்டம் தங்க முடிவு செய்துவிட்டது. மகரந்தமே வராமல் வாசலில் வெறுமனே அலைந்துகொண்டிருந்தால் கிளம்பத் தயாராகிறது. அன்று மாலை பாகு வையுங்கள், எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்தாம் நாள் வாக்கில் வெயில் உள்ள காலையில் ஒரு முறை திறங்கள். ஓரச் சட்டத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். அடையின் அறைக்கு ஒன்றாக முட்டை இருந்தால் பெட்டியை மூடிவிடலாம். தேனீ மூடாத காலி அடை இருந்தால் எடுத்துவிடுங்கள், மெழுகுப்பூச்சி அங்கேதான் நுழையும்.

8. உங்கள் பெட்டியே பிரியப் போகும்போது

நன்றாக வளர்ந்த பெட்டி அடுத்த மாசி, பங்குனியில் தானும் பிரியப் பார்க்கும். ஆண் தேனீக்கள் பெருகும், அடையின் அடிவிளிம்பில் நிலக்கடலை போல் ராணி அறைகள் தொங்கும். வாரம் ஒரு முறை அடிவிளிம்பைப் பாருங்கள். ராணி அறை முட்டையிலிருந்து பதினைந்து பதினாறு நாளில் பொரிந்துவிடும். அந்த அறையின் வாயைத் தேனீக்கள் மூடியது தெரிந்தால் முதல் கூட்டம் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அதற்குள் நீங்களே பிரித்துவிடுங்கள். பழைய ராணியையும் தேனீக்கள் மூடிய இரண்டு மூன்று சட்டங்களையும் புதுப் பெட்டிக்கு மாற்றி, நல்ல ராணி அறை ஒன்றைப் பழைய பெட்டியிலேயே விடுங்கள். மற்ற அறைகளை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்துகொண்டே போகும்.

சித்திரை, வைகாசியில் மாலை நேரத்தில் வாசலில் தேனீ தாடிபோல் தொங்கினால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் புழுக்கம் தாங்காமல் வெளியே வந்து நிற்பது. நிழலையும் காற்றையும் கூட்டினால் போதும்.

9. புகைமருந்து, மழை, வெள்ளம்

கொசு ஒழிப்புப் புகை அடிக்கும் வண்டி எந்த நாளில் எந்தத் தெருவுக்கு வரும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை தேனீக்கள் திரும்பிய பிறகு வாசலைக் கம்பிவலையால் மூடி, பெட்டிமேல் ஈரத்துணி போட்டு, காலையில் திறந்துவிடுங்கள். மா பூக்கும்போது பூச்சிமருந்து அடிக்கும் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமும் நாளைக் கேட்டு இதையே செய்யுங்கள்.

புரட்டாசியிலேயே மழைக்கு ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும். பெட்டியின் மேலடுக்கான தேன் அறையைக் கழற்றுங்கள், கூட்டத்துக்கு மிஞ்சிய இடம் இருந்தால் சூடு தங்காது. ராணி முட்டையிடும் கீழடுக்கான புழு அறையின் ஓரச் சட்டங்களில் இருக்கும் தேனைத் தொடாதீர்கள். கூரை ஒழுகாமல், பெட்டி முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கட்டும், உள்ளே புகும் சாரல் வழிந்துவிடும். மூன்று நாளுக்கு மேல் விடாமல் பெய்தால் மாலையில் பாகு கொடுங்கள்.

ஆற்றங்கரை என்பதால் உயரத்தைக் கணக்குப்போட்டே ஆகவேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. உங்கள் சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு இருந்தால் ஸ்டாண்ட் அதற்கு மேலே இருக்கட்டும். முடியாதென்றால் புயல் எச்சரிக்கை வந்த அன்று இரவே வாசலை வலையால் மூடி, பெட்டியைக் கயிற்றால் கட்டி மாடிக்கு ஏற்றுங்கள். பகலில் ஏற்றினால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து மழையில் மாட்டிக்கொள்ளும்.

மழை விட்டு மார்கழியில் நல்ல வெயில் அடிக்கும் முதல் நாள் அடிப்பலகையைத் துடைத்து, கறுத்த பழைய அடைகளைக் கழித்து, ராணி முட்டையிடுகிறதா என்று பாருங்கள். தெருமுனை மாமரத்தில் பூங்கொத்து விரிந்து, புழு அறையின் எல்லாச் சட்டத்தையும் தேனீ மூடியிருந்தால், தேன் அறையை மேலே ஏற்றிவிடலாம்.